வெப்பக்காற்று பலூன் தரையிறக்க விபத்துகள்

வெப்பக்காற்று பலூன் தரையிறங்கும்போது மோதல், இழுபடல், தீ ஆகியவற்றால் உயிர்ச்சேதமோ காயமோ பொருட்சேதமோ விளைவிக்கும் வான்விபத்து வகை.

காரணங்கள்: பலூனுக்குச் சுக்கான் இல்லை. பர்னரை எரித்து ஏறவும், உறையின் உச்சித் திறப்பு வழியே வெப்பக்காற்றை வெளியேற்றி இறங்கவும் மட்டுமே விமானியால் இயலும். செல்திசை காற்றைப் பொறுத்தது. பலத்த காற்றில் கூடை கவிழ்ந்து தரையில் இழுபடும். பயணிகளுக்கு எலும்பு முறியும். மின்கம்பி மோதலும் தீயும் பேரிழப்பு விளைவிப்பவை.

நிகழ்வுகள்: எகிப்தின் லக்சரில் 2013 பிப்ரவரி 26 அன்று தரையிறங்கும் வேளையில் எரிவாயுக் கசிவு தீப்பற்றி 19 பேர் இறந்தனர். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் லாக்ஹார்ட் அருகே 2016 ஜூலை 30 அன்று மின்கம்பியில் மோதி 16 பேர் இறந்தனர். பொள்ளாச்சி பலூன் திருவிழாவில் 2025 ஜனவரியில் பறந்த பலூன் ஒன்று கேரள எல்லை கடந்து பாலக்காடு மாவட்ட நெல்வயலில் இறங்கியது, உயிரிழப்பு இல்லை.

புலனாய்வு: இந்தியாவில் விமான விபத்துகளை, 2012இல் அமைக்கப்பட்ட விமான விபத்துப் புலனாய்வுப் பிரிவு ஆராய்கிறது. இத்தகைய புலனாய்வில் உறை, பர்னர், எரிவாயு உருளை, வானிலைப் பதிவு, விமானியின் உரிமம், உடல்நிலை ஆகியவை ஆராயப்படும். பன்னாட்டு வான்போக்குவரத்து குறித்த சிகாகோ உடன்படிக்கையின் 13ஆம் இணைப்புப்படி புலனாய்வின் நோக்கம் விபத்துத் தடுப்பே, பழிசுமத்தல் அன்று. லாக்ஹார்ட் புலனாய்வைத் தொடர்ந்து, அமெரிக்காவில் வணிகப் பலூன் விமானிகளுக்கு மருத்துவச் சான்று 2022இல் கட்டாயமாக்கப்பட்டது.