தோம்பும் ஞானஸ்நானமும்: வட கொழும்பின் மதமாற்ற வரலாறு

மதமாற்ற வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் ஒரு சமயத்தாரின் தொகை பெருகியதையும் மற்றொரு சமயத்தாரின் தொகை சுருங்கியதையும் கூறி அமைவர். அத்தொகையை எண்ணியவர் யார், எதற்காக எண்ணினர் என்பது ஆராயப்படுவது அரிது. களனி கங்கை கடலொடு கலக்கும் இடத்தையடுத்த மட்டக்குளி தொடங்கி, முகத்துவாரம், கொட்டாஞ்சேனை வழியாகக் கொச்சிக்கடை வரை பரந்த வட கொழும்பு இவ்வாராய்ச்சிக்கு ஏற்ற களமாகும்.

போர்த்துக்கேயர் ஆட்சியில் இக்கரையோரத்து மீனவரும் வணிகரும் பெருந்தொகையினராய்க் கத்தோலிக்கராயினர். 1656 இல் கொழும்பைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், கத்தோலிக்க குருமாருக்குப் புகலிடம் அளிப்போர்க்கு மரண தண்டனை என 1658 இல் கட்டளை பிறப்பித்தனர். கட்டளையினும் வலிமை வாய்ந்ததாய் அமைந்தது தோம்பு என்னும் பதிவேடாகும். ஊர்தோறும் ஒரு பாடசாலை. அதன் உபாத்தியாயரே ஞானஸ்நானத்தையும் விவாகத்தையும் தோம்பில் எழுதுபவர். திருச்சபை முறைப்படி பதியப்படாத விவாகம் சட்டத்தின்முன் நில்லாது. அவ்விவாகத்திற் பிறந்த பிள்ளையின் சொத்துரிமையும் ஐயத்துக்குரியதாகும். முதலியார் முதலிய பதவிகளும் ஞானஸ்நானம் பெற்றார்க்கே உரியனவாயின. ஆகவே காணியைக் காக்க விரும்பிய குடியானவன் தன் பிள்ளையை உபாத்தியாயரிடம் அழைத்துச் சென்றான். இதனைக் கோழைமை என இகழ்தல் எளிது. காணியிழந்த குடும்பத்தின் நிலையை எண்ணுவோர் அங்ஙனம் இகழத் துணியார்.

எனினும் ஒல்லாந்தர் காலத்து மதமாற்றம் முழுவதும் காணிக்கும் பதவிக்குமே நிகழ்ந்தது என்றலும் பொருந்தாது. கொழும்புச் செட்டிமார் குலத்திற் பிறந்த பிலிப்பு தெ மெல்லோ, ஒல்லாந்தத் திருச்சபையின் குருவாய் உயர்ந்து, புதிய ஏற்பாட்டைத் தமிழில் மொழிபெயர்த்தார். அம்மொழிபெயர்ப்பு 1759 இல் கொழும்பில் அச்சேறியது. இத்தகைய உழைப்பு அச்சத்தாற் பிறப்பதன்று.

தோம்புக்கு வெளியே நின்றோர் வரலாறு வேறு. 1687 இல் கோவாவிலிருந்து மாறுவேடம் பூண்டு ஈழம் புகுந்த யோசே வாஸ் முனிவரும், அவருக்குப் பின் வந்த குருமாரும், மறைவில் வாழ்ந்த கத்தோலிக்கரைத் தேடிச் சென்று தொண்டாற்றினர். கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலின் தோற்றமும் இவ்வாறு ஒளிந்து திரிந்த ஒரு குருவோடு இணைத்தே கூறப்படுகிறது. கடல் கரையை அரித்தபோது மீனவர் வேண்ட, அவர் சிலுவையொன்றை நாட்டினார் என்றும், கடல் பின்வாங்கியது என்றும் கர்ணபரம்பரை வழங்குகிறது. கதையின் உண்மை எவ்வாறாயினும், இன்று அக்கோயிலுக்குச் சைவரும் பௌத்தரும் நேர்த்திக்கடன் செலுத்த வருவது கண்கூடு.

1796 இல் கொழும்பு ஆங்கிலேயர் வசமாயிற்று. பழைய கட்டாயம் தளர்ந்தது. கத்தோலிக்கர் மீதிருந்த தடைகளும் 1806 இல் நீக்கப்பட்டன. அதன் விளைவு வியப்புக்குரியது. நூற்று நாற்பது ஆண்டுகளாக அரசின் துணையோடு எழுதப்பட்ட புரட்டஸ்தாந்தர் தொகை விரைந்து கரைந்தது. ஒடுக்கப்பட்ட கத்தோலிக்கரோ நிலைத்துப் பெருகினர். தோம்பு பெயரை எழுதிற்றேயன்றி நம்பிக்கையை எழுதவில்லை. பெயர்கள் மட்டும் எஞ்சின. பெரேரா, சில்வா என்னும் பெயர்களைப் பௌத்தர்களும் இன்றுவரை சுமக்கின்றனர். குடிப்பெயரைக் கொண்டு சமயத்தை உய்த்துணர்தல் இந்நகரில் இயலாது.

ஆயினும் ஒல்லாந்தர் சமயத்தோடு பிணைத்த பாடசாலை அழியவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மிஷனரிமார் அதனை ஆங்கிலக் கல்வியின் வாயிலாக்கினர். உத்தியோகமும் அவ்வாயிலின் வழியே கிடைத்தது. அக்கருவியின் வலிமையை உள்ளிருந்தே அறிந்தவர் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர். பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்குத் துணைநின்ற அவரே 1848 இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். கொழும்பில் பௌத்தருக்கு 1886 இல் ஆனந்தாக் கல்லூரியின் தொடக்கமான பாடசாலையும், முஸ்லிம்களுக்கு 1892 இல் ஸாஹிராவும் எழுந்தன. ஒருவர் வழியை மற்றவர் பின்பற்றினர் என்று கூறுவதில் எவர்க்கும் இழுக்கில்லை.

இவ்வெழுச்சி அமைதியாகவே நடந்தேறியது என எண்ணலாகாது. மிகெட்டுவத்தே குணானந்த தேரரின் விகாரையை நோக்கிச் சென்ற பௌத்த ஊர்வலம், 1883 மார்ச் 25, உயிர்த்த ஞாயிறன்று, கொட்டாஞ்சேனையிற் கத்தோலிக்கரோடு மோதுண்டது, இரத்தமும் சிந்திற்று. பள்ளிக்கூடம் யார் கையில் என்னும் வினா அதன் பின்னும் நெடுங்காலம் தீரவில்லை. உதவிநன்கொடை பெற்ற பாடசாலைகளை 1960 இல் அரசாங்கம் சட்டத்தாற் பொறுப்பேற்றபோது, கத்தோலிக்கப் பெற்றோர் பல பாடசாலைகளை விட்டகலாது அங்கேயே தங்கி எதிர்த்தனர். சைவ வித்தியாவிருத்திச் சங்கத்தின் பாடசாலைகளும் அச்சட்டத்தால் அரசின் வசமாயின.