சாவியும் சாபியும்

கிறிஸ்துவுக்குள் பிரியமானவர்களே,

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள கிராமங்களில் அன்றாடம் காணக்கூடிய காட்சி ஒன்று உண்டு. ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வேலைக்கு வந்த இளைஞன் ஒருவன், வாடகை அறைக்கு முன்பணம் கொடுத்துவிட்டு வாசலில் நிற்கிறான். வீட்டுக்கார அம்மாவுக்கு அவன் மொழி தெரியாது. அவனுக்குத் தமிழ் தெரியாது. அவர் "சாவி" என்று நீட்டுகிறார். அவன் "சாபி" என்று வாங்கிக்கொள்கிறான். இருவருக்கும் விளங்கிய அந்தச் சொல் இருவருடைய தாய்மொழியிலும் பிறந்ததன்று. அது வந்த வழியை இவ்வாரம் சற்றே சிந்திப்போம்.

பண்டைய ரோமர் திறவுகோலைக் 'கிளாவிஸ்' என்றனர். தமிழைப் போலவே லத்தீனும் பெயரின் இறுதியில் வேற்றுமை காட்டும் மொழி. 'கிளாவிஸ்' எழுவாய், 'கிளாவெம்' செயப்படுபொருள். பேச்சு லத்தீன் காலப்போக்கில் பல மொழிகளாகப் பிரிந்தபோது, அவற்றுள் பெரும்பாலானவை அந்த ஈறுகளை உதிர்த்துவிட்டன. இத்தாலியர் 'கியாவே' என்றனர். போர்த்துகீசியர் 'சாவே' என்றனர்.

லத்தீனின் பிள்ளைகள் அல்லாத மொழிகளும் அதனிடம் கடன் வாங்கின. சன்னலைக் குறித்த 'ஃபெனெஸ்ட்ரா' என்ற சொல்லை ஜெர்மன் மொழி 'ஃபென்ஸ்டர்' ஆக்கித் தன் உருபுகளை அதற்கு அணிவித்தது. ஆனால் நம் ஆண்டவரின் பெயரை ஜெர்மானியர் நெடுங்காலம் லத்தீன் ஈறுகளோடேயே எழுதினர். 'கிறிஸ்டுஸ்', 'கிறிஸ்டி', 'கிறிஸ்டோ', 'கிறிஸ்டும்' என இடத்துக்கு ஏற்ப அது மாறும். மக்கள் மொழியில் வேதத்தைத் தந்த லூத்தரின் மொழிபெயர்ப்பிலும் இவ்வழக்கம் உண்டு. பள்ளி செல்லாத உழவனும் தன் இரட்சகரின் பெயரைப் பிழையின்றிச் சொல்ல அந்நிய இலக்கணத்தின் ஒரு துண்டைச் சுமக்க வேண்டியிருந்தது. நாமோ கிறிஸ்துவை, கிறிஸ்துவுக்கு, கிறிஸ்துவின் என்கிறோம். இம்மடலின் தொடக்கத்தில் உங்களை வாழ்த்திய 'கிறிஸ்துவுக்குள்' என்ற சொல்லின் இறுதியும் தூய தமிழே.

இச்சொற்கள் நம் கரையை எப்படி அடைந்தன? நம் திருவள்ளூர் மாவட்டத்திலேயே சாட்சி இருக்கிறது. பழவேற்காட்டில் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே போர்த்துகீசியர் குடியேறினர். அங்குள்ள மகிமை மாதா ஆலயம் 1515இல் தோன்றியதாகச் சொல்லப்படுகிறது. பின்னர் டச்சுக்காரர் வந்து 1613இல் கெல்டிரியா கோட்டையை எழுப்பினர். ஆட்சி மாறியும் போர்த்துகீசியம் மறையவில்லை. 1632 முதல் 1642 வரை அங்கே டச்சுப் போதகராயிருந்த ஆபிரகாம் ரொஜேரியஸ், இந்து சமயத்தைப் பற்றிப் பத்மநாபன் என்ற பிராமணரிடம் கேட்டறிந்தார். இருவரும் உரையாடிய மொழி போர்த்துகீசியமே. அவ்வாறு அறிந்தவை 1651இல், அவருடைய மறைவுக்குப் பின், நூலாக வெளிவந்தன.

பழவேற்காடு, மயிலாப்பூர், நாகப்பட்டினம், தூத்துக்குடி, கொச்சி போன்ற துறைமுகங்களின் வழியே இறங்கிய சொற்களைத் தமிழ் எப்படி வரவேற்றது என்று பாருங்கள். 'பாத்ரே' என்பதில் தமிழ் நாவுக்கு நெருடிய மெய்களுக்கிடையே ஓர் இகரத்தை வைத்துப் 'பாதிரி' ஆக்கியது; 'ஆர்' விகுதி சேர்த்துப் பாதிரியார் என்று மரியாதையும் செய்தது. 'மேஸ்த்ரே' மேஸ்திரி ஆயிற்று. ஆசிரியரைக் குறிக்கும் 'மகிஸ்தெர்' என்ற லத்தீன் சொல்லே அதன் மூலம். 'அர்மாரியோ' அலமாரி ஆயிற்று, 'மேசா' மேசை ஆயிற்று, 'ஜனேலா' ஜன்னலாயிற்று. அதன்பின் சாவியை, சாவியால், சாவிகள் என்று நம் உருபுகள் அனைத்தையும் அவற்றுக்குத் தடையின்றித் தந்தது.

அப்படி உருமாறாத சொற்களும் உண்டு. அண்டிரிக் அடிகளார் 1580இல் கொச்சியில் அச்சிட்ட பாவசங்கீர்த்தன நூலின் பெயர் 'கொம்பெசியொனாயரு'. அது நிலைக்கவில்லை. அதே வேரிலிருந்து தமிழ் ஒலியை ஏற்று வந்த 'கும்பசாரம்' என்ற சொல்லோ தலைமுறை தலைமுறையாகத் திருச்சபையில் வழங்கியது.

இதே கப்பல்கள் வங்கக் கரைக்கும் மேற்குக் கரைக்கும் சென்றன. ஆதலால் வடவர் வாயிலும் அலமாரி உண்டு, 'மிஸ்திரி' உண்டு, 'பாத்ரி' உண்டு. இந்திக்காரர் சாபியைப் பெண்பாலாக்கி, பன்மையில் 'சாபியாங்' என்பர். வங்காளியர் 'சாவியின்' என்பதற்குச் 'சாபிர்' என்பர். ஒரே விருந்தாளி, வீட்டுக்கு வீடு வேறு உடை.

பிரியமானவர்களே, பிறநிலத்துச் சொல்லுக்குத் 'திசைச்சொல்' என்று பெயரிட்டு, தொல்காப்பியக் காலத்திலேயே இலக்கணத்துக்குள் இடம் ஒதுக்கிய மொழி நம்முடையது. சொல்லுக்கு இடம் கொடுத்த நாம், மனிதனுக்கு என்ன செய்கிறோம்? சாவியைத் தமிழாக்கிக்கொண்ட அதே நாவு, அந்தச் சாவியை வாங்க வந்தவனை 'வடக்கன்' என்று ஏளனமாகக் குறிக்கிறதே! அவன் வியர்வை நம் தொழிற்பேட்டையில் சிந்துகிறது; அவன் பெயரோ நமக்குத் தெரியாது. தங்கள் நடுவே தங்கும் அந்நியனைச் சுதேசியைப்போல் எண்ணி, தங்களைப்போல் நேசிக்கும்படி இஸ்ரவேலருக்குக் கட்டளை பிறந்தது (லேவியராகமம் 19:34). அவர்களும் எகிப்தில் அந்நியராயிருந்தவர்கள் என்பதே அதற்குக் கர்த்தர் சொன்ன காரணம். கிறிஸ்துவுக்குள் நாமும் தேவனுடைய வீட்டில் சேர்த்துக்கொள்ளப்பட்டவர்களே (எபேசியர் 2:19).

இந்த வாரம் ஒன்று செய்யுங்கள். உங்கள் தெருவில் குடியிருக்கும் வெளிமாநிலத் தொழிலாளி ஒருவரிடம் அவர் பெயரைக் கேளுங்கள். அவர் நாவு அதை எப்படி ஒலிக்கிறதோ அப்படியே திரும்பச் சொல்லப் பழகுங்கள். பேச்சைத் தொடங்க இருவருக்கும் பொதுவான சொற்கள் சில ஏற்கெனவே இருக்கின்றன.

ஜெபம்: பரலோகப் பிதாவே, அந்நியராயிருந்த எங்களை உமது வீட்டாராக்கினீர். எங்கள் வாசலில் நிற்கிறவரை அந்நியர் என்று தள்ளாத இருதயத்தை எங்களுக்குத் தாரும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் வேண்டுகிறோம். ஆமென்.