ஜோர்தானுஸ் கத்தலானி

ஜோர்தானுஸ் கத்தலானி (14ஆம் நூற்றாண்டு), இந்தியாவில் அமைந்த முதல் லத்தீன் மறைமாவட்டமான கொல்லத்தின் முதல் ஆயர். தென் பிரான்சின் செவெராக் ஊரைச் சேர்ந்தவர். டொமினிக்கன் சபைத் துறவி.

1321இல் நான்கு பிரான்சிஸ்கன் சபையினருடன் பாரசீகத்திலிருந்து கப்பலேறினார். கொல்லம் போக வேண்டிய கப்பல் மும்பைக்கு அருகிலுள்ள தாணேயில் ஒதுங்கியது. ஜோர்தானுஸ் குஜராத் பக்கம் சென்றிருந்த வேளையில், நீதிபதியான காஜியின் விசாரணைக்குப் பின் நால்வரும் கொல்லப்பட்டனர். உடல்களைச் சோபாராவில் அடக்கம் செய்தவர் ஜோர்தானுஸே. பின்னர் வந்த பயணி ஓதோரிக், அவ்வெலும்புகளைச் சீனா வரை எடுத்துச் சென்றார். தனியாளாக நின்ற ஜோர்தானுஸ் 1321இலும் 1324இலும் பாரசீகத்திலிருந்த துறவிகளுக்கு எழுதிய மடல்கள் கிடைத்துள்ளன. கடற்கொள்ளையரிடம் பிடிபட்டது, சிறையிருந்தது, துறவு அங்கி போய் வெறும் சட்டையோடு அலைந்தது எல்லாம் அவற்றில் உண்டு. அந்த நிலையிலும் அவர் கேட்டது, இன்னும் சில துறவிகளை அனுப்புங்கள் என்பதுதான்.

பிறகு ஐரோப்பா திரும்பினார். அப்போது திருத்தந்தையின் இருப்பிடம் ரோம் அல்ல, அவிஞ்ஞோன். 1329 ஆகஸ்ட் 9 அன்று கொல்லம் மறைமாவட்டத்தை நிறுவிய திருத்தந்தை இருபத்திரண்டாம் யோவான், அம்மாதம் 21ஆம் நாள் ஜோர்தானுஸை ஆயராக்கினார். பாரசீகத்தின் சுல்தானியா பேராயரின் கீழ் கொல்லம் வைக்கப்பட்டது. மலபாரின் பழைய கிறிஸ்தவர்களுக்குப் பரிந்துரை மடலும் ஜோர்தானுஸ் கையில் தரப்பட்டது.

ஆயர் பதவியைவிட அவர் எழுதிய சிறு லத்தீன் நூலான ‘மிராபிலியா டெஸ்கிரிப்டா’வே இன்று நமக்குப் பெரிது. அடிமரத்தில் காய்த்து, ஒன்றே ஐந்து பேருக்குப் போதுமான பலாப்பழம். பாலும் எண்ணெயும் கயிறும் தரும் தென்னை. இரும்பில்லாமல் கயிற்றால் தைத்த மரக்கலம். அரசனின் மகனுக்கன்றிச் சகோதரி மகனுக்கே பட்டம் சேரும் மருமக்கள்வழி என ஒவ்வொன்றையும் நின்று பார்த்திருக்கிறார். உணவில் தூய்மையும் பேச்சில் உண்மையும் உடையவர்கள் என்று இந்தியரைப் புகழ்கிறார். இங்கே கறுப்பு கூடக் கூட அழகும் கூடும் என்ற குறிப்பை முகப்பூச்சு விளம்பரக்காரர்கள் படிக்கலாம்! போகாத நாடுகளைப் பற்றி எழுதும்போது பறவைநாகக் கதைகளும் நுழைந்துவிடுகின்றன. ஆனால் கேட்டதைக் கேட்டது என்றே சொல்லிவிடுகிறார். இந்நூலை 1863இல் ஹென்றி யூல் ஆங்கிலத்தில் வெளியிட்டார்.

1330க்குப் பின் ஜோர்தானுஸ் கொல்லம் சேர்ந்ததற்கு உறுதியான சான்று இல்லை. மும்பைப் பக்கம் கொல்லப்பட்டார் என்பது மரபுச் செய்தி மட்டுமே. 1348இல் கொல்லம் வந்த திருத்தந்தையின் தூதர் ஜான் மரிஞ்ஞோல்லி, புனித ஜார்ஜ் பெயரில் ஒரு லத்தீன் கோவில் இருந்ததைப் பதிவு செய்கிறார். அதன்பின் மறைமாவட்டம் மறைந்து, 1886 செப்டம்பர் 1 அன்றுதான் மீண்டது.  கன்னியாகுமரிப் பக்கத்துத் தமிழ்க் கத்தோலிக்கரும் 1930இல் கோட்டாறு மறைமாவட்டம் பிரியும்வரை கொல்லம் ஆயரின் கீழேயே இருந்தனர்.