ஓடையும் உழைப்பும்: சிங்கப்பூரின் கழிவுநீர் வரலாற்றில் நிலையான மேம்பாட்டு இலக்குகள்

முன்னுரை

ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2015-ஆம் ஆண்டு செப்டம்பர் 25-ஆம் நாள் ஏற்றுக்கொண்ட நிலையான மேம்பாட்டு இலக்குகள் பதினேழு. அவற்றுள் ஆறாவது இலக்கு தூய நீரையும் துப்புரவையும் பற்றியது. அதன் 6.2 என்னும் உட்கூறு அனைவருக்கும் போதிய கழிப்பிட வசதி வேண்டும் என்கிறது. 6.3 என்னும் உட்கூறு, சுத்திகரிக்கப்படாமல் வெளியேறும் கழிவுநீரின் விகிதத்தை 2030-க்குள் பாதியாகக் குறைத்து, பாதுகாப்பான மறுபயன்பாட்டைப் பெருக்குமாறு நாடுகளைக் கேட்டுக்கொள்கிறது.

இவ்விலக்குகள் எதிர்காலத்தை நோக்கியவை. எனினும் இவை நடைமுறையில் எவ்வாறு நிறைவேறும், நிறைவேறும்போது யார் எதைக் கொடுக்க நேரும் என்னும் வினாக்களுக்கு விடை கடந்த காலத்தில் உள்ளது. இவ்விலக்குகள் எழுதப்படுவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே அவற்றின் பெரும்பகுதியை எட்டிய நகரம் சிங்கப்பூர். அந்நகரின் கழிவுநீர், வடிகால் வரலாற்றை இவ்விலக்குகளோடு பொருத்திக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். 6.3 என்னும் அளவுகோல் நீரை அளக்கிறது. நீரைத் தூய்மையாக்கிய கைகளையும், அதற்காக இடம்பெயர்ந்த குடும்பங்களையும் அது அளப்பதில்லை. அவ்விடைவெளியை நிரப்ப வேண்டிய பொறுப்பு வரலாற்றாய்வாளருக்கு உண்டு என்பதே நாம் இங்கு நிறுவ விழையும் கருத்து.

குடியேற்ற ஆட்சிக் காலத்து நகரமும் கழிவும்

இன்று டோபி காட் என வழங்கும் பகுதியில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிராஸ் பாசா ஓடை திறந்தவெளியில் ஓடியது. இந்தியாவிலிருந்து வந்த சலவைத் தொழிலாளர் அதன் கரைகளில் துணி வெளுத்து உலர்த்தினர். இடப்பெயர் அவர்களால் வந்தது. சற்று வடக்கே, சிராங்கூன் சாலையை ஒட்டிய தாழ்நிலங்களில் நீரும் புல்லும் மிகுந்திருந்தமையால் இந்தியர் மாடு வளர்த்தனர். எருமைத் தொழுவம் எனப் பொருள்படும் காண்டாங் கெர்பாவ் என்னும் பெயர் அதற்குச் சான்று. இந்தியச் சமூகத்தின் தொடக்கக் காலத் தொழில்கள் பல நீர்நிலைகளைச் சார்ந்தே இருந்தன என்பதை இவ்விடப்பெயர்கள் உணர்த்துகின்றன. நகராட்சி பின்னர் வகுத்த சுகாதார விதிகள் முதலில் தொட்டதும் இத்தகைய தொழில்களையே.

நகருக்குள் நீரைக் கொண்டுவரும் முயற்சி முன்னதாகவே தொடங்கிற்று. 1857-இல் டான் கிம் செங் என்னும் வணிகர் நீர்விநியோகத்திற்காக 13,000 வெள்ளி நன்கொடையளித்தார். அந்நூற்றாண்டு முடிவதற்குள் நீர்த்தேக்கத்து நீர் குழாய்வழி நகரை அடைந்துவிட்டது. ஆனால் வந்த நீர் வெளியேறுவதற்குரிய மூடிய கழிவுக்குழாய்கள் அப்போது அமைக்கப்படவில்லை. சமையற்கட்டு நீரும் குளியல் நீரும் தெருவோரத் திறந்த வாய்க்கால்களில் ஓடின. மலக்கழிவு வாளிகளில் சேர்க்கப்பட்டு, ஆட்களால் சுமந்து செல்லப்பட்டு, தோட்டங்களுக்கு எருவாக விற்கப்பட்டது. இதனையே வாளி முறை என்பர்.

1907-இல் வெளிவந்த பேராசிரியர் டபிள்யூ. ஜே. சிம்ப்சனின் அறிக்கை, நகரின் கடைவீடுகளில் நிலவிய நெரிசலையும் காற்றோட்டமின்மையையும் விரிவாகப் பதிவுசெய்தது. முதுகோடு முதுகாக ஒட்டிக் கட்டப்பட்ட வீடுகளுக்குப் பின்புற வழி இல்லை. ஆகவே மலவாளி, வீட்டின் உட்புறம் முழுவதையும் கடந்து முன்வாயில் வழியாகவே வெளியேற வேண்டியிருந்தது. பின்சந்துகளை அமைக்குமாறு சிம்ப்சன் பரிந்துரைத்தார். பிற்காலத்தில், 1927-இல் நிறுவப்பட்ட சிங்கப்பூர் மேம்பாட்டு அறக்கட்டளையின் பணிகளுள் ஒன்றாகவும் அது அமைந்தது. 1910-களில் அலெக்சாண்ட்ரா சாலைப் பகுதியில் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் தொடங்கப்பெற்றது. எனினும் குழாய்வசதி நகரின் ஒரு பகுதிக்கே எட்டியது. ஒரே நகரில் நீரால் கழுவிச் செல்லும் கழிப்பறையும் வாளிக் கழிப்பறையும் பல பத்தாண்டுகள் அருகருகே நீடித்தன. இப்பிரிவினை பெரும்பாலும் வருவாய்ப் பிரிவினையாகவே இருந்தது.

துப்புரவுத் தொழிலாளர்

இவ்வமைப்பைத் தாங்கியவர் யார் என்னும் வினா இங்கு எழுகிறது. மலவாளி சுமந்தோர் பெரும்பாலும் சீனத் தொழிலாளர். தெருக்கூட்டுதல், வாய்க்கால் துப்புரவு முதலிய நகராட்சிப் பணிகளில் தென்னிந்தியத் தொழிலாளர், குறிப்பாகத் தமிழரும் தெலுங்கரும், மிகுதியாக இருந்தனர். பணிக்கு வந்த பலர் நகராட்சி கட்டிய தொழிலாளர் குடியிருப்புகளில் வாழ்ந்தனர். நம் சமூக வரலாற்று நூல்களில் வணிகரும் ஆசிரியரும் இதழாளரும் பெறும் இடத்தை இவர்கள் பெறவில்லை.

இவர்களின் குரல் பொதுவெளியில் ஓங்கி ஒலித்த தருணங்களுள் ஒன்று, 1967 பிப்ரவரி 1-ஆம் நாள் நடைபெற்ற வேலைநிறுத்தம். நாட்சம்பளத் துப்புரவுத் தொழிலாளர் ஏறத்தாழ 2,400 பேர் அதில் இறங்கினர். அரசு அதனைச் சட்டவிரோதமானது என அறிவித்தது. தொழிற்சங்கத் தலைவரான சுப்பையாவும் ஏனைய தலைவர்களும் கைது செய்யப்பட்டனர். வேலைநிறுத்தம் செய்தோர் தாமே பணியிலிருந்து நீங்கியவராகக் கருதப்பட்டு, மீண்டும் சேர விரும்புவோர் விண்ணப்பிக்குமாறு பணிக்கப்பட்டனர். மிகப் பெரும்பாலோர் விண்ணப்பித்தனர். புதிதாகப் பிறந்த குடியரசின் தொழிலுறவு வரலாற்றில் இது ஒரு திருப்புமுனையாகப் பேசப்படுகிறது. துப்புரவு வரலாற்றிலும் இதற்கு இடமுண்டு என்பதை நாம் வலியுறுத்த விரும்புகிறோம். தூய்மையான நகரம் என்னும் திட்டம், தூய்மைப் பணியாளரின் பேரம்பேசும் ஆற்றல் குறுகிய அதே காலத்தில்தான் உருப்பெற்றது.

பத்தாண்டுத் திட்டம்: 1977–1987

1972-இல் சுற்றுச்சூழலுக்கெனத் தனி அமைச்சு அமைந்தது. 1977 பிப்ரவரி 27-ஆம் நாள், அப்பர் பியர்ஸ் நீர்த்தேக்கத் திறப்பு விழாவில் பேசிய பிரதமர் லீ குவான் யூ, பத்தாண்டுகளில் சிங்கப்பூர் ஆற்றிலும் காலாங் ஆற்றிலும் மீன் பிடிக்கும் நிலை வரவேண்டும் என இலக்கு வகுத்தார். ஆற்றை மாசுபடுத்திய காரணங்கள் பல: கழிவுக்குழாய் இல்லாத குடிசைகள், தெருவோர உணவு வணிகம், படகுப் பட்டறைகள், பன்றி, வாத்துப் பண்ணைகள். ஆகவே ஆற்றைத் தூர்வாருவது மட்டும் தீர்வாகாது. கரையில் நிகழும் வாழ்க்கையையே மாற்றியமைக்க வேண்டும் என அரசு முடிவு செய்தது.

ஏறத்தாழ 26,000 குடும்பங்கள் இடம்பெயர்க்கப்பட்டன. ஏறத்தாழ 5,000 தெருவோர வணிகர் அங்காடி நிலையங்களுக்கு மாற்றப்பட்டனர். காலாங் வடிநிலத்தில் 610 பன்றிப் பண்ணைகளும் 500 வாத்துப் பண்ணைகளும் மூடப்பட்டன. சரக்குத் தோணிகள் 1983-இல் பாசிர் பாஞ்சாங்கிற்கு அகற்றப்பட்டன. அத்தோணித் தொழிலில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியா முஸ்லிம்கள் முதன்மை பெற்றிருந்தனர் என்பது இங்கு நினைவுகூரத்தக்கது.

1987-ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் ஒரு சந்திப்பு. அவ்வாண்டு சனவரியில் நாட்டின் வாளி முறை முடிவுக்கு வந்தது. செப்டம்பரில் ஆறுகளின் தூய்மை விழாவாகக் கொண்டாடப்பட்டது. டிசம்பரில் டோபி காட்டில் பெருவிரைவு இரயில் நிலையம் திறக்கப்பட்டது. ஓடைக்கரைச் சலவைத் தொழில் எப்போதோ மறைந்துவிட்டிருக்க, அதன் பெயர் மட்டும் நிலத்தடி நிலையமொன்றின் பலகையில் நிலைபெற்றது.

இச்சாதனையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. இடம்பெயர்ந்தோருக்கு வீட்டு வசதி வளர்ச்சிக் கழக வீடுகள் கிடைத்தன. அவ்வீடுகள் ஒவ்வொன்றிலும் குழாய்நீரும் கழிவுக்குழாயோடு இணைந்த கழிப்பறையும் இருந்தன. 1960-இல் அக்கழகம் தொடங்கப்பெற்றதிலிருந்து, வீடமைப்பும் கழிவுக்குழாயும் ஒன்றையொன்று பின்தொடர்ந்தே வளர்ந்தன. 6.2 என்னும் உட்கூறு அங்கு வீட்டுக்கொள்கையின் வழியாகவே நிறைவேறியது. ஆனால் பண்ணையை இழந்தவருக்குக் கிடைத்தது வீடு. அவர் அறிந்திருந்த தொழில் திரும்பக் கிடைக்கவில்லை. இவ்விழப்பைக் குறிக்கும் அளவீடு ஆறாவது இலக்கில் இல்லை.

வெள்ளமும் வடிகாலும்

கழிவுநீர் வேறு, மழைநீர் வேறு எனப் பிரித்தமை சிங்கப்பூர் அமைப்பின் அடிப்படை. கழிவுநீர் மூடிய குழாய்களில் சுத்திகரிப்பு நிலையங்களுக்குச் செல்கிறது. மழைநீர் வடிகால்களின் வழியே நீர்த்தேக்கங்களுக்கும் கடலுக்கும் செல்கிறது. இவ்விரண்டும் கலந்தால் நீர்த்தேக்கம் கெடும். ஆகவே குடிநீர்ப் பாதுகாப்பு இப்பிரிவினையைச் சார்ந்துள்ளது.

மழைநீரைக் கையாள்வது எளிதாக இருக்கவில்லை. 1978 டிசம்பர் 2-ஆம் நாள் 24 மணி நேரத்தில் 512 மில்லிமீட்டர் மழை பெய்தது, எழுவர் உயிரிழந்தனர். 1970-களில் ஏறத்தாழ 3,200 ஹெக்டராக இருந்த வெள்ள அபாயப் பரப்பு, தொடர்ந்த வடிகால் பணிகளால் இன்று 30 ஹெக்டருக்கும் கீழே குறைந்துள்ளது. ஆயினும் 2010 ஜூன் 16-ஆம் நாள் நாட்டின் முதன்மை வணிக வீதியான ஆர்ச்சர்ட் சாலை வெள்ளத்தில் மூழ்கியது. அவ்வீதியின் அடியில் செல்லும் ஸ்டாம்ஃபோர்டு கால்வாய், சலவைத் தொழிலாளர் துணி வெளுத்த அதே பிராஸ் பாசா ஓடையின் மறுவடிவமாகும். மேற்பரப்பு முழுவதும் கட்டடமும் தார்ச்சாலையுமாக மாறியபின், பெய்த மழையை நிலம் உறிஞ்சுவதற்கு இடமில்லாமற் போயிற்று. கால்வாயைச் சுற்றிக் கட்டடங்கள் நெருங்கியிருந்தமையால் அதனை அகலப்படுத்துவதும் அரிதாக இருந்தது. எனவே நீரின் ஒரு பகுதியைச் சிங்கப்பூர் ஆற்றுக்குத் திருப்பும் 2 கிலோமீட்டர் மாற்றுக் கால்வாயும், 38,000 கன மீட்டர் நீரைத் தேக்கும் நிலத்தடித் தொட்டியும் 2018-இல் நிறைவுபெற்றன. ஓடையை மூடிவிடலாம், அதன் நீரை மூடிவிட இயலாது என்பதே இதன் பாடம்.

கழிவிலிருந்து புதுநீர்

ஜொகூரிலிருந்து பெறும் நீருக்கான 1961-ஆம் ஆண்டு ஒப்பந்தம் 2011-இல் முடிவுற்றது. 1962-ஆம் ஆண்டு ஒப்பந்தம் 2061 வரை உள்ளது. இவ்வரசியல் சூழல் கழிவுநீரை வளமாகக் காணும் நோக்கை விரைவுபடுத்தியது. 2001-இல் கழிவுநீர், வடிகால் துறைகள் பொதுப் பயனீட்டுக் கழகத்தின்கீழ் வந்தன. நீரைத் தருவதும் கழிவை அகற்றுவதும் வெள்ளத்தைத் தடுப்பதும் ஒரே நிறுவனத்தின் பொறுப்பாயின. 2003-இல் பிடோக்கிலும் கிராஞ்சியிலும் நியூவாட்டர் எனப்படும் புதுநீர் ஆலைகள் திறக்கப்பெற்றன. சுத்திகரிக்கப்பட்ட கழிவுநீர் நுண்வடிகட்டல், எதிர்ச் சவ்வூடுபரவல், புற ஊதாக் கதிர் என்னும் மூன்று நிலைகளைக் கடந்து புதுநீராகிறது. அதன் பெரும்பகுதி தொழிற்சாலைகளுக்குச் செல்கிறது. சிறுபகுதி நீர்த்தேக்கங்களில் கலக்கப்படுகிறது. 2008-இல் கிராஞ்சியிலிருந்து சாங்கி வரை 48 கிலோமீட்டர் நீளமுள்ள ஆழ்சுரங்கக் கழிவுநீர்க் குழாய் நிறைவுற்றது.

இலக்குகளைப் பொருத்திக் காணல்

மேற்கண்ட வரலாற்றிலிருந்து மூன்று கருத்துகளைப் பெறலாம்.

முதலாவது, வரிசைமுறை. மறுபயன்பாடு முதலில் வரவில்லை. சட்டமும் வீடமைப்பும் குழாயிணைப்பும் முன்சென்றன; தொழில்நுட்பம் பின்வந்தது. ஒவ்வொரு வீடும் குழாயோடு இணையாத நகரில் நவீன ஆலையை மட்டும் நிறுவினால், அவ்வாலைக்கு வந்துசேர வேண்டிய கழிவுநீர் ஓடைக்கே போய்ச்சேரும்.

இரண்டாவது, நிருவாக ஒருமை. நீர்விநியோகமும் கழிவகற்றலும் வெவ்வேறு துறைகளிடம் இருக்கும்வரை ஒன்றின் சுமை மற்றொன்றின்மீது விழும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் குழாய்நீர் வந்து கழிவுக்குழாய் வராதிருந்த நிலையே இதற்குச் சான்று.

மூன்றாவது, மனிதர். ஆறாவது இலக்கைத் தனித்துப் படித்தல் போதாது. குடியேறிய தொழிலாளர் உள்ளிட்ட அனைவரின் பணிப்பாதுகாப்பையும் வலியுறுத்தும் 8.8 என்னும் உட்கூற்றோடும், நீர், துப்புரவு மேலாண்மையில் உள்ளூர்ச் சமூகங்களின் பங்கேற்பைக் கோரும் ஆறாம் இலக்கின் இறுதி உட்கூற்றோடும் சேர்த்தே அதனைப் படிக்க வேண்டும். இது பழங்கதையன்று. 2024 மே மாதத்தில் சுவா சூ காங் நீர் ஆலையில் தொட்டியொன்றைத் துப்புரவு செய்யும் பணியின்போது ஹைட்ரஜன் சல்பைடு வாயு தாக்கி இந்தியத் தொழிலாளர் ஒருவர் உயிரிழந்தார். அது கழிவுநீர் நிலையமன்று, குடிநீர் ஆலை. ஆயினும் நகரின் தூய்நீருக்குப் பின்னால் கடல்கடந்து வந்த உழைப்பாளி ஒருவர் இன்றும் நிற்கிறார் என்பதை அது காட்டிற்று.

முடிவுரை

2013-இல் சிங்கப்பூர் முன்மொழிந்த தீர்மானத்தின் வழியாகவே நவம்பர் 19-ஆம் நாளை உலகக் கழிப்பறை நாளாக ஐக்கிய நாடுகள் பொதுச்சபை அறிவித்தது. வாளி முறை முடிந்து 26 ஆண்டுகளே ஆகியிருந்த ஒரு நாடு அத்தீர்மானத்தைக் கொண்டுவந்தது பொருத்தமே. அந்நாளைப் பள்ளிகளில் நினைவுகூரும்போது, வாளி சுமந்தவரையும் வாய்க்கால் துப்புரவு செய்தவரையும் மாணவர் அறியச் செய்வது தமிழாசிரியரின் பணிகளுள் ஒன்றாகலாம்.

அதற்குச் சொற்களிலிருந்தே தொடங்க முடியும். கழிவுநீர் செல்வதையும் மழைநீர் செல்வதையும் நாம் பேச்சில் சாக்கடை என ஒரே சொல்லால் குறிக்கிறோம். கழிவுக்குழாய், வடிகால் என இரண்டையும் பிரித்துக் கற்பித்தால், ஒரு நூற்றாண்டுப் பொதுச்சுகாதாரச் சிந்தனையின் சாரத்தை மாணவர் உணர்வர். 1935-இல் தொடங்கிய தமிழ் முரசின் பழைய இதழ்கள் இன்று மின்வடிவில் கிடைக்கின்றன. தேசிய ஆவணக் காப்பகம் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளைச் சேர்த்து வைத்துள்ளது. இவற்றில் துப்புரவுத் தொழிலாளர் வாழ்வைத் தேடித் தொகுப்பது இளம் ஆய்வாளர்க்குரிய நல்ல களம். அப்பணியைச் செய்த முன்னோரின் நினைவு இன்னும் எஞ்சியுள்ள குடும்பங்களும் நம்மிடையே உள்ளன. அவர்தம் நினைவுகள் மறைவதற்குள் அவற்றைப் பதிவுசெய்தல் இன்றியமையாதது.