தோல் மடல் அறுவைச் சிகிச்சை

தோல் மடல் அறுவைச் சிகிச்சை என்பது உடலின் ஓரிடத்திலுள்ள தோலையும் அதன் அடியிலுள்ள இழையத்தையும் அவற்றுக்குரிய குருதியோட்டத்துடன் நகர்த்தி, வேறோர் இடத்திலுள்ள காயத்தை மூடும் முறையாகும். ஒட்டறுவை மருத்துவத்தின் அடிப்படை முறைகளுள் இதுவும் ஒன்று. விபத்துக் காயங்கள், படுக்கைப் புண்கள், புற்றுநோய்க் கட்டியை அகற்றியபின் ஏற்படும் குழிவுகள், பிட்ட இடுக்கில் தோன்றும் மயிர்ப்புழை நோய் முதலியவற்றுக்கு இது பயன்படுகிறது. தமிழ்நாட்டில் சிறீபெரும்புதூர் - ஒரகடம் போன்ற தொழிற்பகுதிகளில் நேரும் கை, விரல் காயங்களைச் சீரமைப்பதிலும் இம்முறைக்கு முக்கிய இடம் உண்டு.

== தோல் ஒட்டும் தோல் மடலும் ==

தோல் ஒட்டு என்பது உடலிலிருந்து முழுவதுமாகப் பிரித்தெடுக்கப்பட்ட மெல்லிய தோல் ஆகும். அதற்குத் தனக்கெனக் குருதியோட்டம் கிடையாது. ஒட்டப்படும் இடத்திலிருந்து புதிய குருதிக் குழாய்கள் வளர்ந்து வந்தால்தான் அது உயிர் பிழைக்கும். எனவே உறையிழந்த எலும்பு, தசைநாண் ஆகியவற்றின் மீது தோல் ஒட்டு பிடிப்பதில்லை.

தோல் மடல் அவ்வாறன்று. 'காம்பு' எனப்படும் பகுதியின் வழியாகக் குருதி தொடர்ந்து பாய்வதால், எலும்பு வெளியே தெரியும் காயத்தையும் அது மூடும். கொழுப்பு இழையமும் உடன் வருவதால் அழுத்தத்தைத் தாங்கும் மெத்தை போன்ற பரப்பும் கிடைக்கிறது.

== வரலாறு ==

அறுபட்ட மூக்கைக் கன்னத்துத் தோலைக் கொண்டு அமைக்கும் முறை சுசுருத சங்கிதையில் விளக்கப்பட்டுள்ளது. பிற்காலத்தில் இந்தியாவில் நெற்றித் தோலைக் கீழிறக்கி மூக்கு அமைக்கும் முறை வழக்கில் இருந்தது. மைசூர்ப் போரில் ஆங்கிலேயப் படையில் மாட்டுவண்டி ஓட்டியாக இருந்து மூக்கு அறுக்கப்பட்ட கவாசுஜி என்பவருக்குப் புனே அருகே இம்முறையில் செய்யப்பட்ட சிகிச்சை பற்றிய செய்தி, 1794 இல் இலண்டனின் 'ஜென்டில்மேன்ஸ் மேகசின்' இதழில் வெளியாயிற்று. இதன் தூண்டுதலால் சோசப்பு கார்ப்பு 1814 இல் இங்கிலாந்தில் இத்தகைய அறுவையைச் செய்து, 1816 இல் நூலாக வெளியிட்டார்.

1972 இல் மெக்கிரகர், சாக்சன் இருவரும் தொடையிடுக்கு மடலை விளக்கினர். 1973 இல் டேனியல், டெய்லர் இருவரும் தோல் மடலை முழுதும் பிரித்து, நுண்ணோக்கியின் கீழ் அதன் குருதிக் குழாய்களைத் தொலைவிலுள்ள குழாய்களுடன் தைத்து வெற்றி கண்டனர்.

== வகைகள் ==

* '''அண்மை மடல்:''' காயத்தை ஒட்டிய தோலைத் திருப்பியோ முன்னகர்த்தியோ மூடுவது.
* '''தொலை மடல்:''' வேறிடத்துத் தோலைக் காம்புடன் காயத்தில் தைப்பது. தொடையிடுக்கு மடலில் காயம்பட்ட கை ஏறத்தாழ மூன்று வாரம் இடுப்புப் பகுதியுடன் தைத்து வைக்கப்படும். புதிய இடத்தில் குருதியோட்டம் நிலைபெற்ற பின் காம்பு வெட்டப்படும்.
* '''தனி மடல்:''' தமனி, சிரை ஆகியவற்றுடன் பிரித்தெடுத்து, நுண்ணறுவை மூலம் புதிய இடத்தில் இணைப்பது.

== தொழிற்சாலைக் காயங்கள் ==

சிறீபெரும்புதூர் சென்னைக்குத் தென்மேற்கே, பெங்களூர் நெடுஞ்சாலையில் அமைந்துள்ளது. அங்கிருந்து சிங்கப்பெருமாள் கோவில் செல்லும் சாலையில் ஒரகடம் உள்ளது. 1990களின் இறுதியிலிருந்து இங்கு வாகன ஆலைகளும் அவற்றுக்கு உதிரிபாகம் செய்யும் சிறு பட்டறைகளும் பெருகின. தகட்டை வெட்டி வடிவமைக்கும் பவர் பிரஸ் பொறியும், உருளைகளும், சுழலும் பற்சக்கரங்களும் எங்கிருந்தாலும் விரல் நசுங்குதல், நுனி துண்டாதல், தோல் உரிதல் ஆகிய காயங்கள் நேரக்கூடும்.

விரல் நுனியில் எலும்பு தெரியுமாறு சதை போய்விட்டால், எலும்பைக் குறைத்துத் தைப்பது எளிய வழி. ஆனால் விரலின் நீளம் குறையும். மடல் கொண்டு மூடினால் நீளத்தைக் காக்கலாம். சாய்வாகத் துண்டான விரல், கட்டைவிரல் நுனிகளுக்கென ஒரு முறையைச் சென்னையைச் சேர்ந்த ஆர். வெங்கடசாமி, என். சுப்பிரமணியன் ஆகியோர் 1980 இல் வெளியிட்டனர். இதில் விரலின் உள்ளங்கைப் பக்கத்துத் தோல், முக்கோண வடிவில், நரம்பும் தமனியும் சேர்ந்த கற்றையுடன் நுனியை நோக்கி நகர்த்தப்படுகிறது. நரம்பு அறுபடாததால் நுனியில் தொடு உணர்வு எஞ்சுகிறது. திருகாணியைத் தடவிப் பார்த்தே பொருத்தும் தொழிலாளிக்கு இவ்வுணர்வு இன்றியமையாதது. வெங்கடசாமி, சென்னை இசுட்டான்லி அரசு மருத்துவமனையில் கை அறுவை மருத்துவத் துறையை உருவாக்கியவர் ஆவார்.

விரலின் நீளம் வருமானத்தோடும் தொடர்புடையது. 1923 ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் முதல் அட்டவணை, கட்டைவிரல் இழப்பை 30 விழுக்காடு உழைப்புத்திறன் இழப்பாகவும், சுட்டுவிரல் முழுதும் இழப்பதை 14 விழுக்காடாகவும் வரையறுத்தது.

=== துண்டான விரலைப் பேணுதல் ===

துண்டான பகுதியைச் சுத்தமான ஈரத் துணியில் சுற்றி, நீர் புகாத நெகிழிப் பையில் இட்டுக் கட்டி, அப்பையைப் பனிக்கட்டி கலந்த நீரில் வைத்து, நோயாளியுடன் விரைந்து கொண்டு செல்ல வேண்டும். விரலைப் பனிக்கட்டி மீது நேரடியாக வைத்தால் இழையம் சிதைந்துவிடும். மீண்டும் இணைக்க இயலாதபோதே மடல் முறை கருதப்படும்.

== மயிர்ப்புழை நோய் ==

வால் எலும்பின் மேல், பிட்ட இடுக்கில் உதிர்ந்த மயிர் தோலைத் துளைத்து உட்புகுவதால் தோன்றும் நாட்பட்ட புழையே மயிர்ப்புழை நோய் ஆகும். 1880 இல் ஓட்ஜசு இதற்கு 'மயிர்க் கூடு' எனப் பொருள்படும் இலத்தீன் பெயரை இட்டார். இளம் ஆண்களிடம் மிகுதியாகக் காணப்படுகிறது. அடர்ந்த மயிர், உடற்பருமன், நெடுநேரம் அமர்ந்திருத்தல் ஆகியன இதற்குத் துணைக்காரணிகள். இரண்டாம் உலகப் போரில் வண்டியோட்டிய அமெரிக்க வீரர்களிடம் பரவலாகக் காணப்பட்டதால் 'சீப்பு வண்டி நோய்' என்றும் அழைக்கப்பட்டது.

சீழ் கட்டியிருந்தால் முதலில் அதை வெளியேற்றுவர். மீண்டும் மீண்டும் வரும் நோய்க்கு இலிம்பர்க் மடல் பயன்படுகிறது. புழைகள் அனைத்தும் அடங்குமாறு 60, 120 பாகைக் கோணங்கள் கொண்ட சாய்சதுரமாகத் தோல் அகற்றப்படும். அதே அளவுள்ள மடல் அருகிலுள்ள பிட்டத்திலிருந்து திருப்பிப் பொருத்தப்படும். இதனால் ஆழமான இடுக்கு தட்டையாகி, மயிரும் வியர்வையும் தேங்குவது குறைகிறது. கிரேக்க மருத்துவர் கரிடாக்கிசு 1973 இல் வெளியிட்ட முறையும் தையலை நடுக்கோட்டிலிருந்து விலக்குகிறது. நடுக்கோட்டில் நேராகத் தைப்பதைவிட இத்தகைய முறைகளில் காயம் விரைவில் ஆறுவதுடன், நோய் திரும்புவதும் குறைவு என ஆய்வுகள் காட்டுகின்றன.

== சிக்கல்களும் பின்கவனிப்பும் ==

குருதிக் கட்டு, நீர் கோத்தல், தொற்று, தையல் பிரிதல், மடலின் ஒரு பகுதி இறந்துபோதல் ஆகியன நேரக்கூடிய சிக்கல்கள். மடல் வெளிறிக் குளிர்ந்தால் தமனியில் அடைப்பு எனவும், நீலம் பாரித்து வீங்கினால் சிரையில் தேக்கம் எனவும் ஐயுறுவர். புகையிலையிலுள்ள நிக்கோட்டின் குருதிக் குழாய்களைச் சுருக்குவதால், அறுவைக்கு முன்னும் பின்னும் புகைத்தல், புகையிலை மெல்லுதல் இரண்டையும் தவிர்க்க வேண்டும். நீரிழிவைக் கட்டுக்குள் வைப்பதும் அவசியம். மயிர்ப்புழை நோயாளிகள் இடுக்கைத் தூய்மையாகவும் உலர்வாகவும் வைத்துக்கொள்ள வேண்டும். கைக் காயத்தில் மடல் பிடித்தவுடன் சிகிச்சை முடிவதில்லை. விரல் மடங்கி நீள்வதற்கான இயன்முறைப் பயிற்சியே தொழிலாளி மீண்டும் வேலைக்குத் திரும்ப வழிசெய்கிறது.