உடற்கல்வி ஆசிரியர் மாநாடு: கள்ளக்குறிச்சியும் கல்வராயன் மலையும்

உடற்கல்வி ஆசிரியர் மாநாடு என்பது பள்ளி, கல்லூரிகளில் உடற்கல்வியும் உடல்நலக் கல்வியும் கற்பிப்போர் தொழில் நிமித்தம் ஒன்றுகூடும் நிகழ்வு. விளையாட்டு விதிகளில் வந்த மாற்றங்களை அறிவது, பயிற்சி முறைகளைச் செய்து பார்ப்பது, போட்டிகளுக்கான நாள்களை ஒதுக்குவது, பணிநிலை பற்றிய கோரிக்கைகளைத் தீர்மானமாக நிறைவேற்றுவது எல்லாம் இதில் கலந்தே நடக்கும். பிற பாட ஆசிரியர்களைவிட உடற்கல்வி ஆசிரியருக்கு இந்தக் கூடுகை அவசியம். பெரும்பாலான அரசுப் பள்ளிகளில் அந்தப் பாடத்துக்கு அவர் ஒருவரே இருக்கிறார். கணக்கு ஆசிரியருக்கு ஓர் ஐயம் வந்தால் ஆசிரியர் அறையிலேயே கேட்க ஆள் உண்டு. கோ-கோவில் ஒரு விதி மாறியதா என்பதை உடற்கல்வி ஆசிரியர் அடுத்த ஊர்ப் பள்ளியில் இருப்பவரிடம்தான் கேட்க வேண்டும். கல்வராயன் மலை போன்ற இடத்தில் அந்த அடுத்த ஊர் பல கொண்டை ஊசி வளைவுகளுக்கு அப்பால் இருக்கிறது.

தோற்றம்

இத்துறையில் ஆசிரியர்கள் அமைப்பாகக் கூடிய தொடக்க நிகழ்வுகளுள் பெயர்பெற்றது, 1885 நவம்பர் 27 அன்று அமெரிக்காவின் புருக்ளின் நகரில் அடெல்ஃபி அகாடமியில் நடந்த கூட்டம். அங்கே உடற்பயிற்சி கற்பித்த வில்லியம் கில்பர்ட் ஆண்டர்சன் அதைக் கூட்டினார். ஜெர்மன் முறையா, சுவீடன் முறையா என்று உடற்பயிற்சிக் கூடங்கள் பிரிந்து கிடந்த காலம் அது. அந்தக் கூட்டத்தில் பிறந்த சங்கமே பல பெயர் மாற்றங்களுக்குப் பிறகு இன்று ஷேப் அமெரிக்கா என்ற பெயரில் ஆண்டுதோறும் மாநாடு நடத்துகிறது. ஆஸ்திரேலியாவிலும் கனடாவிலும் இதையொத்த தேசிய அமைப்புகள் உண்டு.

தமிழ்நாட்டுக்கு இந்த மரபு வந்த வழி தெளிவானது. மாசசூசெட்ஸ் மாநிலம் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில்தான் ஜேம்ஸ் நெய்ஸ்மித் 1891-இல் கூடைப்பந்தை உருவாக்கினார். அதே நிறுவனத்தில் பயின்ற ஹாரி குரோ பக் 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரியைத் தொடங்கினார். ஆசியாவில் இத்துறைக்கென எழுந்த முதல் கல்லூரி என்று அது போற்றப்படுகிறது. நந்தனம் வளாகத்தில் இன்றும் இயங்குகிறது. 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குச் சென்ற இந்திய அணிக்குப் பொறுப்பாளராகவும் பக் இருந்தார். அவர் 1943-இல் மறைந்தார். அக்கல்லூரியில் படித்து வெளியேறியவர்கள் மாகாணமெங்கும் பள்ளிகளில் பணியேற்றார்கள். 'டிரில் மாஸ்டர்' என்று ஊர் அழைத்தவர் ஆடுகளத்தின் அளவும் விதியும் முறையாகப் படித்த ஆசிரியராக மாறியதில் அந்தத் தலைமுறைக்குப் பெரும் பங்கு உண்டு.

விடுதலைக்குப் பின் டாக்டர் ஆ. இலட்சுமணசாமி முதலியார் தலைமையில் அமைந்த இடைநிலைக் கல்விக் குழு (1952-53) உடற்கல்வியை விரிவாக ஆராய்ந்தது. நாற்பது வயதுக்குட்பட்ட ஆசிரியர் எல்லாரும், எந்தப் பாடம் நடத்துபவராக இருந்தாலும், மாணவரின் உடற்பயிற்சிகளில் பங்கு கொள்ள வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. எழுபது ஆண்டுகள் கழித்தும் இந்தப் பரிந்துரை எந்த மாநாட்டு மேடையிலும் எடுத்துச் சொல்லத் தகுதி உடையது. 1978-இல் யுனெஸ்கோ வெளியிட்ட சாசனம் உடற்கல்வியை ஒவ்வொருவரின் அடிப்படை உரிமை என்று அறிவித்தது.

தமிழ்நாட்டில் கூடுகைகளின் வகை

பல்கலைக்கழகக் கருத்தரங்குகள் ஒரு வகை. மேலக்கோட்டையூரில் உள்ள தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம், சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் உடற்கல்வித் துறை, காரைக்குடி அழகப்பா உடற்கல்வியியல் கல்லூரி முதலியவை இவற்றுக்கு இடமளிப்பவை. ஆய்வுக் கட்டுரை வாசிப்பதே அங்கு முதன்மை. பள்ளி ஆசிரியருக்கு அதனால் கிடைக்கும் பயன் குறைவு.

சங்க மாநாடுகள் இன்னொரு வகை. பணியிடம், பதவி உயர்வு, பகுதிநேர ஆசிரியர் நிலை ஆகியவை அங்கே பேசப்படும். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளில் நூறு மாணவருக்கு மேல் உள்ள பள்ளிக்கு உடல்நலம்-உடற்கல்வி, ஓவியம், தொழிற்கல்வி ஆகியவற்றுக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்கிறது. அதையொட்டித் தமிழ்நாட்டில் 2012-இல் 16,549 பகுதிநேரச் சிறப்பாசிரியர்கள் மாதம் 5,000 ரூபாய் ஊதியத்தில் நியமிக்கப்பட்டார்கள். அத்தொகை படிப்படியாக உயர்ந்து 12,500 ரூபாய் ஆனது. பணி நிரந்தரம் கோரி அவர்கள் சென்னையில் பலமுறை போராடியிருக்கிறார்கள். உடற்கல்விப் பட்டம் பெற்ற ஒருவர் குடும்பம் நடத்தப் போதாத ஊதியத்தில் பத்தாண்டுகளுக்கு மேல் காத்திருப்பது அந்த ஆசிரியருக்கும் பாடத்துக்கும் இழைக்கப்படும் அநீதி.

மூன்றாவது வகை மாவட்டக் கூட்டம். பெயரில் மாநாடு என்ற சொல் இல்லாவிட்டாலும் உண்மையான தொழில் மாநாடு இதுவே. கல்வியாண்டின் தொடக்கத்தில் மாவட்ட உடற்கல்வி ஆய்வாளர் தலைமையில் உடற்கல்வி ஆசிரியர்களும் உடற்கல்வி இயக்குநர்களும் கூடுவார்கள். எந்தக் குறுவட்டப் போட்டியை எந்தப் பள்ளி நடத்துவது, தடகளத்துக்கு எந்த மைதானம், நடுவர்கள் யார் யார், வயதுச் சான்றுக்கு எதை ஏற்பது என்றெல்லாம் அங்கே முடிவாகும். குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என்று ஏறும் இந்தப் போட்டிகள் 14, 17, 19 வயதுக்குட்பட்டோர் என்று பிரித்து நடத்தப்படுகின்றன. குடியரசு தின விளையாட்டுகள், பாரதியார் தின விளையாட்டுகள் என்ற பெயர்கள் தமிழ்நாட்டில் பள்ளி விளையாட்டோடு தொடர்புடைய யாருக்கும் பழக்கமானவை. இவற்றோடு முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளும் சேர்ந்துகொள்ள, நாள்காட்டியில் இடம் தேடுவதே பெரும் வேலையாகிறது.

கள்ளக்குறிச்சியும் மலையும்

விழுப்புரத்திலிருந்து பிரிந்து 2019 நவம்பர் 26 அன்று தனி மாவட்டமானது கள்ளக்குறிச்சி. உளுந்தூர்பேட்டை, திருக்கோவிலூர், சங்கராபுரம், சின்னசேலம் பகுதிகள் பெரும்பாலும் சமவெளி. மேற்கே கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான கல்வராயன் மலை. அதன் பரப்பு சுமார் 1,095 சதுர கிலோமீட்டர். ஒரு பகுதி சேலம் மாவட்டத்துக்குள் போகிறது. மூன்று ஜாகிர்தார்களின் கையில் இருந்த மலை 1976-இல்தான் முழுமையாக அரசின் ஆளுகைக்கு வந்தது. பள்ளி, சாலை, மருத்துவமனை எல்லாம் மலைக்குத் தாமதமாக ஏறியதற்கு இந்த வரலாறும் ஒரு காரணம். இப்போது கல்வராயன்மலை தனி வட்டம். வெள்ளிமலை அதன் தலைமையிடம். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக, கோமுகி அணையைக் கடந்து பரிகம் தாண்டினால் மலைப்பாதை தொடங்கும்.

மலையில் வாழ்வோர் பெரும்பாலும் மலையாளி எனப்படும் பழங்குடியினர். பெற்றோர் காப்பித் தோட்ட வேலைக்கும் கட்டட வேலைக்கும் மாதக்கணக்கில் வெளியூர் போவது வழக்கம் என்பதால், பிள்ளைகள் பலர் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளில் தங்கிப் படிக்கிறார்கள். இப்பள்ளிகளை நடத்துவது பழங்குடியினர் நலத்துறை. போட்டிகளை நடத்துவதோ பள்ளிக் கல்வித் துறை. சுற்றறிக்கை ஒரு துறையிலிருந்து புறப்பட்டு இன்னொரு துறையின் பள்ளிக்குப் போய்ச் சேர வேண்டியிருக்கிறது. மாவட்டக் கூட்டத்தில் நேரில் உட்கார்ந்திருக்கும் மலைப்பள்ளி ஆசிரியரின் மதிப்பு இதில் இருக்கிறது. தன் பிள்ளைகளின் பெயர் பட்டியலில் ஏறாமல் போவதை அங்கேயே கையை உயர்த்திக் கேட்டுச் சரிசெய்ய முடிகிறவர் அவர்.

உடற்கல்விப் பணியிடம் மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தே ஒதுக்கப்படுகிறது. சிதறிக் கிடக்கும் மலைக் கிராமங்களில் பள்ளிகள் சிறியவை. எண்ணிக்கை எட்டாததால் பணியிடமும் கிடைப்பதில்லை. அங்கே தமிழாசிரியரோ அறிவியல் ஆசிரியரோ விசிலை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போகிறார். வெள்ளிமலையில் உள்ள ஏகலைவா மாதிரி உறைவிடப் பள்ளி இதற்கு விலக்கு. மத்திய அரசின் அத்திட்டத்தில் ஒவ்வொரு பள்ளிக்கும் ஆண் ஒருவர், பெண் ஒருவர் என இரண்டு உடற்கல்வி ஆசிரியர் பணியிடங்கள் வகுக்கப்பட்டுள்ளன. உறைவிடப் பள்ளிக்கு இதுவே சரியான அளவு. காலை ஆறு மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் விடுதியிலேயே இருக்கும் பிள்ளைகளுக்குத்தான் பயிற்சியாளர் மிகவும் பயன்படுவார்.

உடல்வளம் மலைப் பிள்ளைகளிடம் இருக்கிறது, பயிற்சிதான் இல்லை என்று சொல்வது வழக்கம். பாதி மட்டுமே உண்மையான பேச்சு அது. தினமும் மேடேறி இறங்கும் கால் நெடுந்தூர ஓட்டத்துக்குத் துணையாகலாம். ஆனால் இரத்தசோகை உள்ள பிள்ளைக்கு மேடேறிப் பழகிய காலால் மட்டும் 1,500 மீட்டர் ஓட முடியாது. திறமையை அடையாளம் காண ஆசிரியரும் வேண்டும். பக்கத்துச் சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டியில் பிறந்த மாரியப்பன் தங்கவேலுவை உயரம் தாண்டுதலுக்குத் திருப்பியவர் பள்ளி உடற்கல்வி ஆசிரியர். 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார் மாரியப்பன். சிறுவயதில் பேருந்து மோதி வலது கால் நசுங்கிய பையனிடம் ஓர் ஆசிரியர் கண்ட திறமை அது. அப்படிக் காணும் கண், எதைத் தேட வேண்டும் என்று தெரிந்த ஆசிரியர் ஒவ்வொரு பள்ளியிலும் இருந்தால்தான் வாய்க்கும்.

மைதானத்தில் ஒரு பாடம்

நல்ல கூட்டம் பிற்பகலில் அறையை விட்டு வெளியே வரும். டேப், கயிறு, முளைக்குச்சி, சுண்ணாம்புத்தூளோடு டிராக் போடும் பயிற்சி நடக்கும். 400 மீட்டர் டிராக் போட மலையில் இடம் கிடைப்பது அரிது. எனவே 200 மீட்டர் டிராக்தான் அங்கே நடைமுறை. நேர்ப்பகுதி இரண்டும் 40 மீட்டர் என்று வைத்தால் வளைவுகளுக்கு 120 மீட்டர் மிஞ்சும். ஓடும் கோட்டின் ஆரம் 19.10 மீட்டர். சுண்ணாம்புக் கோட்டிலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளியே தூரம் அளக்கப்படுவதால், கயிற்றை 18.90 மீட்டருக்குப் பிடித்து வளைவை வரைய வேண்டும். 1.22 மீட்டர் அகலத்தில் நான்கு லேன் போட, சுமார் 88 மீட்டர் நீளமும் 48 மீட்டர் அகலமும் கொண்ட சமதளம் போதும்.

அடுத்து ஸ்டாகர். வெளி லேனில் ஓடுபவர் எவ்வளவு முன்னே நிற்க வேண்டும் என்ற கணக்கு இது. முழுச்சுற்று ஓட்டத்துக்கு லேனுக்கு லேன் 7.67 மீட்டர். லேன் அகலத்தை 2π-ஆல் பெருக்கினால் வருவது இந்த எண். டிராக் பெரிதோ சிறிதோ, மாறாது. புதியவர்கள் தவறுவது இங்கேதான். 400 மீட்டர் டிராக்கில் 200 மீட்டர் ஓட்டம் அரைச்சுற்று, அதனால் ஸ்டாகர் பாதி. 200 மீட்டர் டிராக்கில் அதே ஓட்டம் முழுச்சுற்று. அரைச்சுற்றுக் கணக்கை இங்கே போட்டுவிட்டால் நான்காம் லேன் பிள்ளை பதினோரு மீட்டருக்கு மேல் கூடுதலாக ஓடித் தோற்கும். தோற்றது ஏன் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. மூத்த ஆசிரியர் ஒருவர் தரையில் குச்சியால் எழுதிக் காட்டினால் பத்து நிமிடத்தில் புரிந்துவிடும் செய்தி இது.

சமதளம் அதற்கும் குறைவாக உள்ள பள்ளிக்குக் கபடியும் கோ-கோவும் கைகொடுக்கும். பெண்கள் கபடிக்கு 12-க்கு 8 மீட்டர் களம் போதும். கோ-கோவுக்கு 27-க்கு 16 மீட்டர். இரண்டுக்கும் விலை உயர்ந்த கருவி வேண்டியதில்லை. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் தொடக்கப் பள்ளிக்கு 5,000, நடுநிலைப் பள்ளிக்கு 10,000, உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு 25,000 ரூபாய் வரை விளையாட்டு நிதி உண்டு. அதை எதற்குச் செலவிட்டால் நீடிக்கும் என்பதும் கூட்டத்தில் பகிரத் தக்க அனுபவமே.

உடல்நலக் கல்வி

இத்துறையின் பெயரில் பாதி உடல்நலம். கூட்டங்களில் இதற்குக் கிடைக்கும் நேரம் குறைவு. இது மாற வேண்டும். 5 முதல் 17 வயது வரையுள்ளோர் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடம் மிதமானது முதல் தீவிரமானது வரையிலான உடலியக்கத்தில் ஈடுபட வேண்டும் என்கிறது உலக சுகாதார அமைப்பு. வாரம் இரண்டே பாடவேளை, அதுவும் தேர்வு நெருங்கினால் வேறு பாடத்துக்குப் போய்விடும் என்ற நிலையில் இந்த அளவை எட்டுவது கடினம். இரும்புச்சத்து மாத்திரை வாரந்தோறும் ஒழுங்காகப் போகிறதா, பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் குடற்புழு நீக்க மாத்திரை எல்லாருக்கும் கிடைத்ததா என்று கவனிப்பது பல பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியரின் பொறுப்பில்தான் விடப்படுகிறது. 2020-இல் தொடங்கிய பள்ளி நலவாழ்வுத் திட்டம் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்களை இதற்கெனப் பயிற்றுவிக்கச் சொல்கிறது.

மலைக்கு முதலுதவிப் பயிற்சி இன்னும் அவசரமானது. பாம்பு கடித்தால் கட்டுப் போடுவது, கீறிவிடுவது போன்ற பழக்கங்கள் தீங்கு செய்பவை. கடிபட்ட கை கால் அசையாமல் பார்த்துக்கொண்டு, விஷமுறிவு மருந்து உள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டுபோவதே முறை. கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. ஆனால் மலையுச்சியிலிருந்து அங்கே போய்ச்சேர ஆகும் நேரத்தில் உடனிருப்பவர் செய்வதும் செய்யாமல் விடுவதும் உயிரைத் தீர்மானிக்கும்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தந்தையை இழந்த பிள்ளைகள், இரு பெற்றோரையும் இழந்த பிள்ளைகள் இந்த மாவட்டத்துப் பள்ளிகளில் படிக்கிறார்கள். அதன்பின் சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலை குறித்துத் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. போதை எதிர்ப்பு மன்றத்தில் உறுதிமொழி வாசிப்பதோடு ஆசிரியரின் வேலை முடிந்துவிடாது. மாலை நேரத்தைப் பிள்ளைகள் மைதானத்தில் கழிக்க வழி செய்வதும், மெத்தனால் கண்ணையும் நரம்பையும் என்ன செய்யும் என்று அறிவியலோடு சொல்வதும், இழப்பைச் சுமக்கும் மாணவரை அடையாளம் கண்டு பேசுவதும் பயிற்சி கேட்கும் வேலைகள். மாவட்டக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இவற்றுக்கு முழு அமர்வு ஒதுக்குவது நியாயம்.

மலைப்பள்ளி ஆசிரியர்களுக்கான செய்முறைப் பயிற்சியை வெள்ளிமலையிலேயே, ஜூலையில் குறுவட்டப் போட்டிகள் சூடுபிடிக்கும் முன் நடத்துவது பயன் தரும். இன்னாடு, சேராப்பட்டு, கரியாலூர்ப் பக்கத்திலிருந்து வருவோருக்குப் பயணம் குறையும். விசில் பிடிக்கும் பிற பாட ஆசிரியர்களையும் சேர்த்து அழைக்கலாம். பழங்குடியினர் நலத்துறைப் பள்ளிகளும் பள்ளிக் கல்வித் துறைப் பள்ளிகளும் ஒரே நாளில் ஒரே பட்டியலில் பெயர் கொடுக்கலாம்.