சக்கரமும் ரூபாய்க் குறியும்

திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் நாணயக் கணக்கு, அதனை முதன்முதலாகக் காண்போரைச் சற்று மருட்டக்கூடியது. பதினாறு காசு ஒரு சக்கரம். நான்கு சக்கரம் ஒரு பணம். ஏழு பணம் ஒரு ரூபாய். ஆகவே திருவிதாங்கூர் ரூபாய்க்கு 28 சக்கரம். எல்லைக்கு அப்பால் வழங்கிய பிரிட்டிஷ் இந்திய ரூபாய்க்கோ 28 சக்கரமும் 8 காசும், அதாவது இருபத்தெட்டரைச் சக்கரம். இரண்டுக்கும் பெயர் ரூபாய்தான். எழுதியவர் ஒன்றைக் கருதி எழுத, படித்தவர் மற்றொன்றைக் கருதிப் படித்தால், நூறு ரூபாயில் ஐம்பது சக்கரம் பிசகிவிடும். அக்காலத்தில் அது சிறு தொகையன்று.

வெள்ளிச் சக்கரம் மிகச் சிறிய நாணயம். விரலால் ஒவ்வொன்றாய் எடுத்தெண்ணுவது ஆகாத காரியம். ஆதலால் குழிகள் நிறைந்த மரப்பலகை ஒன்றை வைத்திருந்தனர். நாணயங்களை அதன்மேல் கொட்டி அசைத்து, மிகுந்தவற்றை வழித்துவிட்டால், குழிகளின் எண்ணிக்கையே நாணயங்களின் எண்ணிக்கை. பலகைக்குத் தெரிந்தது குழி ஒன்றே. அதில் விழுந்தது நல்ல சக்கரமா, கள்ளச் சக்கரமா என்பதை அது அறியாது. இப்பலகையை நேயர்கள் சற்றே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

1949 ஜூலை 1ஆம் நாள் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தன. சக்கரம் போய் அணா வந்தது. சமஸ்தானத்தின் அஞ்சல் தலைகளில் அச்சாகியிருந்ததோ சக்கரமும் காசும். அவற்றை வீணாக்க மனமின்றி, ஒரு சக்கரத் தலையின்மேல் அரை அணா என்றும், இரண்டு சக்கரத் தலையின்மேல் ஓர் அணா என்றும், ஆங்கிலத்திலும் மலையாளத்திலும் மேலச்சுப் பதித்தார்கள். அவசர வேலை. சிலவற்றில் எழுத்து தலைகீழாக நின்றது. சிலவற்றில் மேலச்சு முழுவதுமே கவிழ்ந்து விழுந்தது. இன்று அஞ்சல் தலை சேகரிப்போர் அப்பிழைகளைத் தேடித் திரிகின்றனர். பணத்தின் பெயர் மாறும் காலத்தில் எழுத்தும் தடுமாறும் என்பதற்கு திருவனந்தபுரத்தில் கிடைக்கும் நல்ல சான்று இது. பின்னர் 1957 ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் ரூபாய்க்கு நூறு நயா பைசா ஆயிற்று, அணாவும் மறைந்தது.

இதே தடுமாற்றம் நம் காலத்தில், கணிப்பொறியில், மீண்டும் நிகழ்ந்தது. 2010 ஜூலை 15 அன்று மத்திய அமைச்சரவை ரூபாய்க்கெனத் தனிக் குறியொன்றை ஏற்றது. அதனை வரைந்தவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த உதயகுமார் அவர்கள். தேவநாகரி ரகரத்தையும் ரோமன் எழுத்தையும் இணைத்த வடிவம் அது. வடிவம் கிடைத்தது, ஆனால் கணிப்பொறி வடிவத்தை அறியாதே! அதற்குத் தெரிந்தவை எண்ணிட்ட குழிகள் மட்டுமே. நம் சக்கரப் பலகைபோலத்தான். எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். அந்த எண்ணுக்குரிய உருவத்தை எழுத்துரு வரைந்து காட்டுகிறது. புதிய குறிக்கோ அன்று எண்ணே இல்லை.

மக்கள் காத்திருக்கவில்லை. மங்களூரைச் சேர்ந்த ஃபொரேடியன் நிறுவனம் சில நாட்களுக்குள் ஓர் எழுத்துருவை இலவசமாக வெளியிட்டது. விசைப்பலகையின் இடப்பக்க மேல்மூலையில் சாய்ந்த சிறு கோடொன்று உண்டு. அதன் எண் 96. நம்மவர் அதனை அதிகம் தொடுவதில்லை. அக்கோட்டின் இடத்தில் ரூபாய்க் குறியை வரைந்துவிட்டனர். விசையை அழுத்தினால் திரையில் அழகிய ரூபாய்க் குறி. அந்தச் சுறுசுறுப்பைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. எனினும் உள்ளே பதிந்தது 96தான். அந்த எழுத்துரு இல்லாத கணிப்பொறியில் கோப்பைத் திறந்தால், தொகைக்கு முன்னே ஒரு சாய்ந்த கோடு, ரூபாயைக் காணோம். குழியில் விழுந்தது கள்ளச் சக்கரம்!

2010 அக்டோபரில் வெளிவந்த யூனிகோடு 6.0 பதிப்பில் ரூபாய்க் குறிக்கு 8377 என்னும் எண் உரியதாயிற்று. 2011இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விண்டோஸுக்கு அதற்கான திருத்தத்தை வழங்கியது. ஆயினும் இடைப்பட்ட காலத்தில் உருவான கோப்புகள் தாமாகத் திருந்துமா? மொழிபெயர்ப்புப் பணியில் இருக்கும் எனக்கு, அத்தகைய சாய்ந்த கோடுகள் இன்றும் எதிர்ப்படுகின்றன. அவற்றை ஒரேயடியாக மாற்றிவிடவும் இயலாது. கோட்டை உண்மையாகவே கோடாக எழுதியவரும் இருப்பரல்லவா?

சரியான எண் வந்த பின்னும் தொல்லை தீர்ந்தபாடில்லை. பழைய மென்பொருள்கள் பல, 256 குழிகள் மட்டுமே கொண்ட பட்டியலை வைத்துப் பிழைப்பவை. 8377க்கு அங்கே இடமில்லை. ஆகவே வினாக்குறி ஒன்றை இட்டுவிடுகின்றன. ஐயாயிரம் என்று எழுதினால், “ஐயாயிரமா?” என்று பொறியே ஐயுறுவதுபோல் தோன்றும். இது சிரித்துவிட்டுப் போகத்தக்கது. மற்றொரு பிழை அவ்வாறன்று. புதுமுறையில் ரூபாய்க் குறி 226, 130, 185 என மூன்று துண்டுகளாகச் சேமிக்கப்படுகிறது. பழைய முறையில் படிக்கும் மென்பொருள் அவற்றை மூன்று தனி எழுத்துகளாகக் கொள்ளும்: தொப்பி அணிந்த பிரெஞ்சு எழுத்து, காற்புள்ளி போன்ற ஒரு குறி, மேலே தூக்கிய சிறிய ஒன்று. அந்தச் சிறிய ஒன்று தொகையை ஒட்டியே நிற்கும். 500 ரூபாயை அவசரத்தில் பார்ப்பவர் 1500 எனப் படித்துவிடலாம். வெளிமாநிலத்தில் உழைத்து ஊருக்குப் பணம் அனுப்புவோர், இரசீதில் தொகை எழுத்தாலும் எழுதப்பட்டிருக்கிறதா என்று நோக்குவது வீண் வேலையன்று.

வட்டார அமைப்பு என்பதொன்றும் உண்டு. முன்பு விண்டோஸில் தமிழ் அமைப்பைத் தேர்ந்தால் பணக் குறி ‘ரூ’ என வரும். பின்னர் அது புதிய குறியாயிற்று. தொகையை எண்ணாக மட்டும் சேமித்தவர்களுக்குக் கவலையில்லை. குறியையும் சேர்த்து எழுத்தாகச் சேமித்தவர்கள் திண்டாடினர்; பழைய ‘ரூ’வைப் புதிய அமைப்பு பணமாக ஏற்காமல், வெறும் சொல்லாகக் கருதிக் கூட்டலில் விட்டுவிடக்கூடும்.

இத்தனைக்கும் தமிழ்க் கணக்கர்கள் ரூபாய்க்கென ௹ என்னும் குறியை முன்பே கையாண்டவர்கள். அக்குறி 2003இலேயே யூனிகோட்டில் 3065 என்ற எண்ணுடன் இடம்பெற்றது. புதிய ரூபாய்க் குறிக்கு ஏழாண்டு மூத்தது. அதனோடு பற்று, வரவு, மேற்படி ஆகியவற்றின் குறிகளும் ஏறின. காசு, பணம், பொன், வராகன் ஆகியவற்றின் பழங்குறிகள் 2019இல், யூனிகோடு 12.0 பதிப்பில் சேர்ந்தன. பணத்தின் எண் 73694. எந்த எழுத்தின் எண்ணும் 65536ஐ எட்டாது என்று நம்பி எழுதப்பட்ட மென்பொருள்களில் அது வெற்றுக் கட்டமாகவே தெரியும்.

திருவனந்தபுரம் கோட்டைப் பகுதியில் உள்ள ஆவணக் காப்பகத்தில் பத்மநாபசுவாமி கோயிலின் மதிலகம் ஓலைகள் சுருணை சுருணையாக இருக்கின்றன. நாஞ்சில் நாட்டுக் குடும்பங்கள் சிலவற்றிலும் பழைய கணக்கோலைகள் உண்டு. அத்தகைய கணக்குகளில் வரும் காசையும் பணத்தையும் அவற்றின் தமிழ்க் குறிகளாலேயே இனிக் கணிப்பொறியில் பதியலாம். 2019இல் சேர்ந்த அந்த நாணயக் குறிகளுள் சக்கரத்துக்கு மட்டும் இடமில்லை. அதனை எழுத்துக் கூட்டித்தான் எழுத வேண்டியிருக்கிறது.